ஊதிக் காட்டியவன்

ஏணியை விரிப்பதற்கு முன்பே அவன் சொல்லிவிடுவான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கண்ணாடி முகப்பு வைத்த ஒரு கணினி நிறுவனத்தில் ஏசி ஓடவில்லை என்று அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் பாடம் நடத்திய பள்ளிக்கு விடுமுறை. அந்தப் பக்கம் வேறு வேலை இருந்ததால், அவனுடைய வண்டியின் பின்னால் ஏணியைப் பிடித்துக்கொண்டு நானும் போயிருந்தேன். வரவேற்பில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் அவன் சொன்னான்:

"மேடம், வேலைக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு பைபோலார்னு ஒரு மனசு வியாதி கீது. மாத்திரை போட்டுகினு கீறேன், இப்போ சோக்கா கீறேன். நடுவுல நிறுத்தாம பேசிகினே போனேன்னா பயப்படாதீங்க. இந்த நம்பருக்கு ஒரு போன் போடுங்க. எங்க அக்கா."

அந்தப் பெண் அவனையும் ஏணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அண்ணா, ஏசி சரியாயிடும்ல?"

"அதுக்கு வியாதி ஒண்ணும் இல்ல மேடம். கேஸ் லீக்கு, அவ்ளோதான்."

அவள் சிரித்துவிட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவனுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லாதவன் போலக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன். திரும்பி வரும்போது, "இதை எதுக்குடா ஊர் பூராச் சொல்லிக்கிட்டுத் திரியற?" என்று கேட்டேன்.

"சக்கரை வியாதிக்காரன் டீக்கடைல சக்கரை வேணாம்னு சொல்றான்ல மாமா? அவன் சொன்னா உடம்பப் பாத்துக்கறான்றீங்க. நான் சொன்னா மட்டும் மானம் போவுதா?"

அவன் என் மனைவியின் தம்பி. பெயரை எழுதவில்லை. என் மனைவி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இதை எழுதுவதே அவளுக்குப் பிடிக்கவில்லை. நான் முகப்பேரில் ஒரு தனியார் பள்ளியில் ஓய்வு பெறும்வரை வேதியியல் நடத்தியவன். எங்கள் வீடு அம்பத்தூரில். மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில் அவன் இருந்தான். வெயில் காலத்தில் அந்த அறைக்குள் நிற்க முடியாது. "ஊருக்கெல்லாம் ஏசி மாட்டறே, உன் ரூமுக்கு ஒண்ணு மாட்டிக்கக் கூடாதா?" என்று அக்கா கேட்டால், "ஜில்லுனு இருந்தா கஸ்டமருங்க கஷ்டம் மறந்துபூடும்க்கா" என்பான்.

தன்னைப் பற்றிய எதையும் மறைக்கத் தெரியாதவன் அவன். அதை ஒரு குணம் என்று சொல்வதா, குறை என்று சொல்வதா என்று அப்போது எனக்குக் குழப்பம் இருந்தது. இப்போது இல்லை. இப்போது கோபம்தான் இருக்கிறது. அதில் பெரும்பங்கு என் மீது.

அவனுக்குப் பெண் பார்க்கப் பூந்தமல்லிக்குப் போயிருந்தோம். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. பெண்ணின் அம்மா, எல்லோரும் கேட்பதைப் போல, "மாப்பிள்ளைக்குத் தண்ணி கிண்ணிப் பழக்கம் எதுவும் இல்லையே?" என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"இருந்துச்சும்மா. இப்போ இல்ல. ஆனா அதவிட முக்கியமா ஒண்ணு கீது." வியாதியைப் பற்றிச் சொன்னான். பேர், மாத்திரை, மாதாமாதம் எடுக்கும் ரத்தப் பரிசோதனை எல்லாம் சொன்னான். கேசரித் தட்டுகளைக் கொண்டுவந்த பெண் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தண்ணி அடிப்பாரான்னுதானே கேட்டேன்? எந்த ஊட்ல அடிக்கல? அத்தோட நிறுத்தியிருக்கலாம்ல? இத்த யாரு கேட்டா?"

"அது வேற, இது வேறம்மா. ஆனா ரெண்டும் கூட்டாளி. ஒருத்தன் வந்தா இன்னொருத்தனக் கூப்ட்டுகினு வருவான். கட்டிக்கறவங்களுக்குத் தெரியணும்ல?"

அங்கிருந்து வெளியே வந்ததும் என் மனைவி அழுதாள். அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுக்கா. பொய் சொல்லிக் கூப்டுகினு வந்திருந்தா பாவம்" என்றான். அவனுக்கு வருத்தம் இல்லை. நான்தான் அன்று ஒரு பாடம் கற்றுக்கொண்டேன். குடியை மன்னிப்பார்கள், நோயை மன்னிக்க மாட்டார்கள். அந்த அம்மா அதை அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தார். வகுப்பில் கெட்டிக்காரப் பையனைப் போல நான் அதை உடனே பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து யார் கேட்டாலும், "மச்சினன் கொஞ்சம் தண்ணி போடுவான், அதான்" என்று சொல்லத் தொடங்கினேன். என் மனைவியும் அதையே சொன்னாள். அவன் மருத்துவமனையில் இருந்த நாட்களுக்கும், வேலைக்குப் போகாத நாட்களுக்கும், மொட்டை மாடியில் சத்தமாகப் பேசிக்கொண்டு நடந்த நாட்களுக்கும் அந்த ஒரே காரணம் போதுமானதாக இருந்தது. தெருவில் யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். அவனை மறைத்து வைக்க எங்களுக்குக் கிடைத்த போர்வை அது.

அவனுக்கு அது தெரிந்தபோது சிரித்தான். "என்னாத்துக்கு மாமா எனக்கு இல்லாத பேரு? நான் குடிச்ச காலத்துல நல்லவன்னு சொன்னீங்க, விட்டப்புறம் குடிகாரன்றீங்க."

அவனுடைய நோய் எப்படிப்பட்டது என்று அவனைப் போல எளிதாக எனக்கு யாரும் விளக்கியதில்லை. ஏசிக்காரனுக்குப் பங்குனி, சித்திரைதான் அறுவடைக் காலம். போன் ஓயாது. காலையில் பாடி, மத்தியானம் முகப்பேர், சாயங்காலம் ஆவடி என்று வெயிலில் மாடி மாடியாக ஏறி இறங்குவான். தூக்கம் குறையும். குறைந்தாலும் களைப்பு இருக்காது, மாறாக உற்சாகம் ஏறும். பேச்சு வேகமாகும். வேறு நாட்களில் என்னை 'நீங்க' என்பவன் 'நீ' என்று கூப்பிட ஆரம்பிப்பான். அது எனக்கும் என் மனைவிக்கும் மட்டும் தெரிந்த அடையாளம்.

"முதல்ல சந்தோஷந்தான் மாமா வரும்" என்று ஒருமுறை சொன்னான். "சாராயம் அப்புறந்தான். சந்தோஷம்னா சாதா சந்தோஷம் இல்ல, தாங்காது. மண்டைக்குள்ள எல்லா லைட்டும் எரியும். அணைக்கறதுக்கு சுவிட்சு தேடுவேன். பீர்தான் சுவிட்சுன்னு நெனைப்பேன். ரெண்டு அடிச்சா அணையும். காலைல பாத்தா முந்தின நாளு இருந்தத விட ஜாஸ்தியா எரியும். அப்புறம் ஆடி மாசம் எல்லாம் பட்டுனு அணைஞ்சிபூடும். எழுந்து பல்லு வெளக்கத் தெம்பு இருக்காது. அப்ப ஏத்தறதுக்கு ஒரு குவார்ட்டரு. ஏறினா இறக்கறதுக்கும் அதான், இறங்கினா ஏத்தறதுக்கும் அதான். இவன் லிப்டு ஆபரேட்டரு இல்ல மாமா, லிப்டு கயித்த அறுக்கறவன்."

அரசு மருத்துவமனையில் அவனைப் பார்த்துவந்த டாக்டர் அம்மாவும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். நானும் என் மனைவியும் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தோம். "குடி நின்னா மனசு தானா சரியாயிடும்னு காத்திருக்காதீங்க. மனசு சரியானா குடி தானா நின்னுடும்னும் இருக்காதீங்க. ரெண்டுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்கணும். குடி இந்த நோயைக் கிளப்பி விடும், நோய் குடியைக் கிளப்பி விடும். குடிச்சிட்டாருன்னா திட்டாம இங்க கூட்டிட்டு வாங்க. மாத்திரையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திடீர்னு நிறுத்தாதீங்க." கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னார். நான் படித்தவன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த மாத்திரை லித்தியம். நான் வருடம் தவறாமல் கரும்பலகையில் எழுதிய தனிமம். தனிம அட்டவணையில் அது எந்த மூலையில் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அவன் ஒரு நாள் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இது இன்னாது மாமா?" என்று கேட்டபோது, ஒருவகை உப்பு என்று நான்தான் சொன்னேன். அவனுக்கு அது பிடித்துப்போனது. அன்று முதல் அவனுக்கு அது உப்பு மாத்திரை. வெயிலில் நிறைய வியர்த்தால் ரத்தத்தில் அதன் அளவு கூடிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்ததால், மாடி ஏறும்போதெல்லாம் பெரிய தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறுவான். பார்ப்பவர்கள் அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று கிண்டல் செய்வார்கள். மூடியைத் திறந்து அவர்களையே குடித்துப் பார்க்கச் சொல்வான்.

அந்த உப்பு அவனை நிறுத்தி வைத்தது. சித்திரையில் ஏறவில்லை, ஆடியில் விழவில்லை. "மாத்திரை உள்ள போச்சுன்னா கடைப் பக்கம் போவணும்னே தோணல மாமா. நான் இன்னாமோ பெரிய மனசு வெச்சு விட்டேன்னு அக்கா நெனைச்சிகினு கீது" என்று சிரிப்பான். நல்ல வருடங்கள் அவை. என் மகளுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அப்போதுதான். பின்னால் ஓடிக்கொண்டே, "பாப்பா, பிரேக்கு கையில கீது, காலத் தேய்க்காத!" என்று அவன் கத்துவதைத் தெருவே வேடிக்கை பார்த்தது.

ஒரு மார்கழியில் அவனோடு வேலை செய்தவர் ஒருவர் மாரடைப்பில் போனார். அந்தத் துக்கத்தில் நாலைந்து பேர் சேர்ந்து குடித்தார்கள். இவனும் குடித்தான். மறுநாளும் குடித்தான். மூன்றாம் நாள் காலையில் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, நான் குடிச்சிட்டேன். மனசு கொஞ்சம் சரியில்ல. டாக்டரம்மாகிட்ட போலாம் வா."

அவன் கேட்டது அவ்வளவுதான். வழியைக்கூட அவனே சொன்னான். அன்று போயிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

ஆனால் அந்த மாதம் என் மகளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. பையன் கணினித் துறையில் வேலை, நல்ல குடும்பம். அவர்கள் வீட்டுக்கு வருவதற்கு முன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். மருத்துவமனை வாசலில் யாராவது எங்களைப் பார்த்துவிட்டால்? என் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கயிறு கட்டிடலாங்க" என்றாள்.

திருவள்ளூர் போகும் சாலையில் ஒரு அம்மன் கோயில் இருக்கிறது. குடியை விட நினைப்பவர்களையும், விடவைக்க நினைப்பவர்கள் இழுத்துவருபவர்களையும் குளிக்கவைத்து, கையில் மஞ்சள் கயிறு கட்டிவிடுவார்கள். எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். சத்தியம் ஒரு வருடத்துக்கு. பல வீடுகளில் அது பலித்திருக்கிறது, நான் மறுக்கவில்லை. எங்களுக்கு அதில் இன்னொரு வசதி இருந்தது. அந்தக் கயிறு ஊருக்குத் தெரியும். கட்டியிருப்பவன் குடிகாரன், திருந்தியவன், வேறொன்றும் இல்லை என்று அது சொல்லிவிடும்.

ஈரத் துணியோடு அவன் நின்றான். பூசாரி வயதானவர், பொறுமையானவர். "வேற எதுனா பழக்கம் கீதாம்மா? கஞ்சா, மாத்திரை?" என்று என் மனைவியிடம் கேட்டார்.

"மாத்திரை சாப்பிடறான் சாமி. அதப் போட்டாதான் நிதானமா இருக்கான்."

"நிதானத்துக்கு மாத்திரைன்னா அதுவும் போதைதாம்மா. எத்தினி பேர பாத்துட்டேன். தண்ணிய விட்டுட்டு மாத்திரைல விழுவானுங்க. கயிறு கட்டினா எதையும் தொடக் கூடாது."

அவன் பதறிப்போய் என்னைப் பார்த்தான். "மாமா, சாமிகிட்ட சொல்லுங்க மாமா. அது போதை இல்ல, உப்புன்னு நீங்கதானே சொன்னீங்க? சொல்லுங்க."

பூசாரியும் என் பக்கம் திரும்பினார். "சார் படிச்சவரு போல கீறீங்க. நீங்க இன்னா சொல்றீங்க? மருந்துன்னா சொல்லுங்க, அதுக்கு வேற மாதிரி பண்ணிக்கலாம்."

இந்த இடத்தில் எனக்குச் சாக்கு எதுவும் இல்லை. பூசாரியைக் குறை சொல்ல முடியாது, அவர் கேட்டார். என் மனைவியைக் குறை சொல்ல முடியாது, அவளுக்கு லித்தியமும் தூக்க மாத்திரையும் ஒன்றுதான். எனக்குத் தெரியும். திடீரென்று நிறுத்தக் கூடாது என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தார். ஆனால் எங்களுக்குப் பின்னால் வரிசையில் அம்பத்தூர்க்காரர்கள் இரண்டு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. அந்த மருந்து எதற்கு என்று பூசாரி அடுத்துக் கேட்பார். நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

"ஒரு வருஷம்தானே? சாமி சொல்றபடி கேளு" என்றேன்.

அவன் கற்பூரத்தை அடித்து அணைத்தான்.

வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்கு வந்து ரகசியமாக மாத்திரையைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். நான் அப்படித்தான் செய்திருப்பேன். உண்மையைச் சொன்னால், அவனும் அப்படிச் செய்துகொள்வான் என்று உள்ளூர ஒரு கணக்குப் போட்டிருந்தேன். அது அவனைத் தெரியாதவன் போடும் கணக்கு. மறைக்கத் தெரியாதவனுக்குத் திருட்டுத்தனமாக மருந்து சாப்பிடவும் தெரியாது. மாத்திரை அட்டையை அக்காவிடம் கொடுத்து, "பத்திரமா வை, அடுத்த வருசம் போடணும்" என்றான்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று அவனைப் பூந்தமல்லியில் ஒரு வேலைக்கு அனுப்பிவிட்டோம். அவன் இருந்தால் பேசிவிடுவான். மாப்பிள்ளையின் அப்பா, "தாய்மாமன் எங்க?" என்று கேட்டார். "வேலைக்குப் போயிருக்கான். கொஞ்சம் பழக்கம் இருந்துச்சு, இப்போ கயிறு கட்டியாச்சு" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அட, என் தம்பியும் கட்டியிருக்கான் சார். வருஷா வருஷம் கட்டுவான், வருஷா வருஷம் அவுப்பான்." எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். நிச்சயம் முடிந்தது.

பங்குனி பிறந்ததும் அவன் என்னை 'நீ' என்று கூப்பிட்டான்.

நாங்கள் இருவரும் அதைக் கேட்டோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "கல்யாணம் முடியட்டும்" என்று அவள் சொன்னாள். நானும் சரி என்றேன். ஒரு சொட்டு மது இல்லாமல் அவன் ஏறிக்கொண்டே போனான். சித்திரையில் அவன் தூங்கி நாங்கள் பார்க்கவில்லை. என் மகளுக்குச் சீராக வீடு முழுவதும் ஏசி போடப்போவதாகச் சொல்லி, எங்கிருந்தோ பழைய இயந்திரங்களைக் கொண்டுவந்து மாடியில் அடுக்கினான். தெருவில் போகிறவர்களை நிறுத்திப் பேசினான். அவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "இன்னா அண்ணாத்தே, கயிறு அறுந்துபூச்சா?" என்று டீக்கடையில் கேட்டார்கள்.

அப்போதுதான் அவன் ஊதிக் காட்ட ஆரம்பித்தான். எதிரில் நிற்பவரின் முகத்துக்கு நேரே வாயைக் கொண்டுபோய் ஊதுவான். "மோந்து பாரு! வாடை வருதா? சொல்லு, வருதா?" பால்காரர் மேல் ஊதினான். வண்டியை நிறுத்திய போலீஸ்காரர் மேல் ஊதினான். அவர் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றதும், அதை எல்லோருக்கும் காட்டச் சொல்லி அவருடைய கையைப் பிடித்து இழுத்து அடி வாங்கினான். வாடை இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆனாலும் குடிகாரன் என்றே சொன்னார்கள். நாங்கள் கொடுத்த பெயர் அவ்வளவு உறுதியாக ஒட்டியிருந்தது. கண்ணெதிரில் ஒருவன் நோயில் எரிந்துகொண்டிருக்கிறான், ஊரே அவனைப் பார்த்துச் சிரிக்கிறது, சிரிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வரவேற்பு, பாடியில் ஒரு மண்டபத்தில். வைகாசிப் புழுக்கம். மாலை கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில் அவன் மேடையில் ஏறி, பாட்டுக் கச்சேரிக்காரர் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டான்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் பொண்ணோட தாய்மாமன். மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. யாரும் சொல்லல. நான் சொல்லிடறேன். எனக்கு ஒரு வியாதி..."

நான் ஓடினேன். அந்த வயதில் அப்படி ஓடுவேன் என்று நினைத்ததில்லை. மைக்கைப் பிடுங்கி, சிரித்த முகத்தோடு பேசினேன். பள்ளி ஆண்டு விழாக்களில் பேசிய அதே குரலில்.

"மன்னிக்கணும். மச்சினன் சந்தோஷத்துல கொஞ்சம் ஜாஸ்தியாப் போட்டுட்டான்."

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. மாப்பிள்ளையின் அப்பா கை தட்டினார். அவன் என்னைப் பார்த்தான். பிறகு மேடையிலேயே என் முகத்துக்கு நேரே ஊதினான். எனக்கு வெற்றிலை வாசனைதான் வந்தது.

"வருதா மாமா? நீ சொல்லு. உனக்குத் தெரியும். நீ சொன்னா நம்புவாங்க."

உறவுக்காரர்கள் இரண்டு பேர் அவனைத் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். நான் பின்னாலேயே போனேன். வண்டி நிறுத்தும் இடத்தில் அவன் அவர்களை உதறினான். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இன்று கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"குடிகாரன்னு சொன்னாதான் உங்களுக்கெல்லாம் நிம்மதின்னா, குடிச்சிட்டே வந்துடறேன் மாமா. எதுக்குப் பொய்யி?"

கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து என் கையில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தான். நான் தடுக்கவில்லை. உள்ளே விருந்தினர்கள் காத்திருந்தார்கள்.

விடியற்காலை, மண்டபத்தில் நாதஸ்வரக்காரர்கள் வாசிக்கத் தொடங்கியிருந்தபோது, அவனுடைய எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பேசியவர் ஒரு போலீஸ்காரர். பாடி மேம்பாலம் இறங்கும் இடத்தில் லாரி மோதியிருக்கிறது. ஆள் உயிரோடு இல்லை. "ரொம்பக் குடிச்சிருக்காப்ல சார். வாடை தாங்கல" என்றார். வாரக்கணக்கில் ஊர் முழுக்க ஊதிக் காட்டியவனிடமிருந்து கடைசியில் வாடை வந்திருந்தது.

முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. சொன்னால் கல்யாணம் நின்றுவிடும். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு மணமேடைக்குப் போனேன். ஐயர் தாய்மாமனைக் கூப்பிட்டார். பெண்ணுக்கு மாலை போட அவன்தான் வர வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மனைவியும் பார்த்தாள்.

"நேத்துப் போட்டுட்டு எங்கயோ விழுந்து கிடக்கிறான்" என்றேன்.

இதைச் சொல்லும்போது அவன் ஆஸ்பத்திரிப் பிணவறையில் இருந்தான். எனக்குத் தெரிந்தே சொன்னேன். என் மனைவியின் சித்தப்பா மகன் ஒருவர் தாய்மாமன் இடத்தில் நின்று மாலை போட்டார். தாலி கட்டி முடிந்து, பந்தி நடந்துகொண்டிருந்தபோது என் மனைவியை மணமகள் அறைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். அவள் என்னை அடித்தாள். அவள் அடித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பதினாறாம் நாள் வந்தவர்களிடம் அவளும், "குடிச்சே போயிட்டான்" என்றுதான் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன்.

சென்ற ஆண்டு என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தை தூங்கினாலும் அவள் தூங்கவில்லை. வீட்டைக் கழுவினாள், திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தாள், போனில் எதை எதையோ வாங்கிக் குவித்தாள். நிறுத்தாமல் பேசினாள். மாப்பிள்ளை பயந்துபோய் முகப்பேரில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். நானும் என் மனைவியும் உடன் போனோம். டாக்டர் இளைஞர். குழந்தை என் மனைவியின் மடியில் இருந்தது. டாக்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்து, "குடும்பத்துல யாருக்காவது மனநிலை சம்பந்தமான நோய் இருந்திருக்கா?" என்றார்.

"இல்லீங்க டாக்டர்" என்று என் மனைவி உடனே சொன்னாள். "என் தம்பி ஒருத்தன் இருந்தான். குடிப்பான். வேற ஒண்ணும் இல்ல."

மாப்பிள்ளை தலையாட்டினார். அவருக்குத் தெரிந்தது அதுதான்.

எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. என் மனைவி மீது, அவனைப் பார்த்துச் சிரித்த அந்த மண்டபம் முழுவதின் மீது, எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஒரு நொடியில்கூட வாயைத் திறக்கலாமா என்று யோசித்த என் மீது.

"இருந்துச்சு டாக்டர்" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. குழந்தை விழித்து அழ ஆரம்பித்தது. "பைபோலார். அவ தாய்மாமனுக்கு."

"என்னங்க!" என்றாள் என் மனைவி.

டாக்டர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "என்ன மருந்து எடுத்துக்கிட்டாரு, ஞாபகம் இருக்கா?"

"லித்தியம்."

"அது அவருக்கு ஒத்துக்கிச்சா? யோசிச்சுச் சொல்லுங்க சார், ரொம்ப முக்கியம். ரத்த சொந்தத்துல ஒருத்தருக்குக் கேட்டிருந்தா, இவங்களுக்கும் கேட்க வாய்ப்பு அதிகம்."

யோசிக்க எதுவும் இருக்கவில்லை. "நல்லாக் கேட்டுச்சு டாக்டர். அதைச் சாப்பிட்ட வருஷமெல்லாம் நல்லா இருந்தான். குடியையும் அதுதான் விடவெச்சுது."

"அப்புறம் ஏன் நிறுத்தினாரு?"

அதுவரை காலை ஆட்டிக்கொண்டு எங்கோ பார்த்துப் பேசிக்கொண்டிருந்த என் மகள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளையும் பார்த்தார்.

"அவன் நிறுத்தல" என்றேன். "நான் நிறுத்தச் சொன்னேன்."